நெறியாளரைத் தேடியது: சிங்கப்பூரில் ஒரு பொருளியல் முனைவர் பட்ட மாணவி – நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவைப் பற்றி

சிங்கப்பூரில் பொருளியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் தன் ஆய்வுக்கு நெறியாளரை எப்படித் தேடினார், யாரை ஏன் தேர்ந்தெடுத்தார், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். 2022இன் நடுவில் தொடங்கி 2025இன் இறுதிவரை நடந்தவை இவை. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர்களும் பல்கலைக்கழகமும் தவிர்க்கப்பட்டிருக்கின்றன. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நானும் இதே ஊரில் இதே துறையில் பட்டம் முடித்தவள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் என்னிடம் பேசியதால், முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

பின்னணி

தேடலைத் தொடங்கியபோது அவருக்கு முப்பதைத் தாண்டிய வயது. பாலர் பள்ளியில் ஒரு மகன். ஒரு வங்கியின் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபடியே, பகுதிநேரமாகப் பொருளியலில் முதுநிலைப் பட்டம் வாங்கியிருந்தார்.

ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த வேலையிலிருந்து வந்தது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் ஊர்த் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், பெயரில் ஓர் எழுத்து மாறியதால் திரும்பி வருவதை அவர் அன்றாடம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளின் முன் நிற்கும் வரிசை சிங்கப்பூர்த் தமிழர் எல்லாருக்கும் பழகிய காட்சி. அந்த வரிசையில் நிற்பவர் எந்த அடிப்படையில் எவ்வளவு, எப்போது அனுப்புகிறார் என்று கேட்கத் தோன்றியது அவருக்கு. சிறிய விஷயமில்லை இது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வுப்படி, இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணத்தில் 6.6 விழுக்காடு சிங்கப்பூரிலிருந்து போனது. இவ்வளவு சின்ன நாட்டுக்கு அது பெரிய பங்கு.

முதல் கட்டம்: பதில் வராத கடிதங்கள்

2022இன் நடுவில் அவர் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார். திருச்சியில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த அத்தை மகன், "முதல்ல கைடு கிடைக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்தான்" என்று சொல்லியிருந்தார். அவர் இருந்த இடத்தில் அது சரியான அறிவுரைதான். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். யாரிடம் இடம் காலியாக இருக்கிறது என்று தெரியாமல் அங்கே எதுவும் நகராது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல துறைகளில் ஆய்வு முன்மொழிவோடு நெறியாளரை முதலிலேயே அணுகுவதுதான் வழக்கம்.

ஆனால் சிங்கப்பூரின் பொருளியல் துறைகள் பெரும்பாலும் அமெரிக்க முறையைப் பின்பற்றுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் பொருளியலில் முனைவர் பட்டம் செய்யலாம். மாணவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது சேர்க்கைக் குழு. சேர்ந்த பின் நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பொருளியல் அளவையியல் (தரவைப் புள்ளியியல் முறைகளால் ஆராய்வது) என்று பாடங்களைப் படிக்க வேண்டும், தகுதித் தேர்வில் தேற வேண்டும். நெறியாளர் யார் என்பது பெரும்பாலும் அதை ஒட்டித்தான் முடிவாகும். விண்ணப்பத்திலேயே விருப்பப்படும் பேராசிரியரின் பெயரைக் கேட்கும் துறைகளும் உண்டு. ஆனால் பெயரை எழுதிவிட்டதால் மட்டும் அவர் நெறியாளர் ஆகிவிடுவதில்லை.

அவருடைய கடிதத்தைப் பிறகு படித்துப் பார்த்தேன். தன் வேலை அனுபவம், பணம் அனுப்புவதன் முக்கியத்துவம், கடைசியில் "தங்களிடம் ஆய்வு மாணவியாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்." பண்பான கடிதம். ஆனால் படிப்பவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. வளர்ச்சிப் பொருளியல் படிப்பவருக்கும் ஏலக் கோட்பாட்டில் எழுதுபவருக்கும் ஒரே கடிதம்தான் போயிருந்தது. பலர் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும், சேர்க்கை குழுவின் கையில் இருக்கிறது, கணிதப் பின்னணியைப் பலப்படுத்திக்கொண்டு விண்ணப்பியுங்கள் என்று இரண்டு வரி எழுதினார். இவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மனம் சோர்ந்துபோனார். எனக்கு அது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த மிக நல்ல தகவலாகப் பட்டது.

எடுத்த முடிவு: எங்கே, எப்படி

அப்போது அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. பொருளியல் துறையில் முழுநேரமாகச் சேர்வது ஒன்று. லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் பொதுக் கொள்கை முனைவர் பட்டம் செய்வது இன்னொன்று. தலைப்புக்கு அது நன்றாகவே பொருந்தியது. வேலையை விடாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகப் பதிவு செய்வது மூன்றாவது.

குடும்பத்தில் மூன்றாவது வழிக்குத்தான் ஆதரவு. உதவித்தொகை அவருடைய சம்பளத்துக்கு ஈடாகாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தூரத்திலிருந்து செய்யும் பகுதிநேர ஆய்வில் நெறியாளரைத் திரையில் மட்டுமே பார்க்க முடியும், சக மாணவர்கள் இருக்க மாட்டார்கள். மாதாமாதம் கையில் வரும் சம்பளத்துக்காக ஆறேழு ஆண்டு தனியாக உட்கார்ந்து எழுதுவதா என்று அவரே கேட்டுக்கொண்டார். பொதுக் கொள்கைப் பள்ளியைவிடப் பொருளியல் துறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அளவையியல் பயிற்சி. காரண காரியத்தைத் தரவிலிருந்து பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டால் பிறகு எந்தத் தலைப்பிலும் வேலை செய்யலாம் என்று அவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன்.

ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு எழுதி, நேரியல் இயற்கணிதத்தை மாலை வகுப்பில் மறுபடி படித்து, 2022 இறுதியில் விண்ணப்பித்தார். 2023 ஆகஸ்டில் சேர்ந்தார்.

முதல் ஆண்டில் கவனித்தவை

பாடங்கள் கடினம்தான். வேலை அனுபவம் அங்கே எதற்கும் உதவாது. இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு உட்கார்ந்து கணித நிறுவல் எழுத வேண்டும். தகுதித் தேர்வில் தேறினார். அதைவிட முக்கியம், அந்த ஆண்டு முழுக்க அவர் நெறியாளர் தேடலை நிறுத்தவே இல்லை. கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுக் கவனிக்கத் தொடங்கினார்.

துறையில் வாரந்தோறும் கருத்தரங்கம் நடக்கும். மாணவர்களும் தங்கள் வேலையை முன்வைப்பார்கள். யார் எந்த மாதிரிக் கேள்வி கேட்கிறார், மாணவர் திணறும்போது என்ன செய்கிறார் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு பேராசிரியர் இரண்டாவது நிமிடத்திலேயே குறுக்கிட்டு, கடைசிவரை தானே பேசினார். இன்னொருவர், "இந்த விளைவு உன் தரவில் தெரியவில்லை என்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டு, மாணவர் யோசித்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்தார்.

அடுத்து, முடிந்துபோன ஆய்வேடுகள். மூன்று பல்கலைக்கழகங்களும் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கின்றன. எந்தப் பேராசிரியரிடம் எத்தனை பேர் முடித்தார்கள், சேர்ந்ததற்கும் முடித்ததற்கும் இடையே எத்தனை ஆண்டு, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார். நன்றியுரைகளையும் விடாமல் படித்தார். சம்பிரதாயமாக எழுதிய நன்றிக்கும் உண்மையான நன்றிக்கும் உள்ள வித்தியாசம், பத்து ஆய்வேடு படித்தவருக்குத் தெரிந்துவிடும். யாரிடம் யார் படித்தார்கள் என்பதைப் பொருளியலாளர்களுக்கான ரெப்பெக் தளத்தின் வழிமரபுப் பட்டியலிலும் பார்க்கலாம். பலருக்குத் தெரியாத வசதி அது.

மூன்றாவது, மாணவர்களிடம் நேரில் விசாரித்தது. இதற்கு அவருக்குத் தயக்கம் இருந்தது. பேராசிரியரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் கேட்பது மரியாதையா என்று. அவருடைய அம்மாதான், "பொண்ணு பார்க்கப் போனாக்கூட நாலு வீட்ல விசாரிக்கிறோம். அஞ்சு வருஷம் ஒருத்தர்கிட்ட இருக்கப் போறே, விசாரிக்காம எப்படிம்மா?" என்றார். விசாரித்தார். கேட்டவை இவைதான்: எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள்? வரைவைக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும்? கடைசியாக அவரோடு கருத்து வேறுபட்டபோது என்ன நடந்தது? அவரிடமிருந்து விலகிப் போன மாணவர் உண்டா, அவரோடு நான் பேசலாமா?

"நல்லவரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கடைசி வரைவு எப்போது திரும்பி வந்தது என்று கேட்டால் தேதி கிடைக்கும்.

மூன்று பேர்

2024இன் நடுவில் பட்டியல் மூன்று பேருக்குச் சுருங்கியது.

முதலாமவர் இடப்பெயர்வுப் பொருளியலில் பெயர் பெற்றவர். தலைப்பு அப்படியே பொருந்தியது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே பல மாணவர்கள் இருந்தார்கள், அடுத்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போகவும் இருந்தார். மாதக்கணக்கில் சந்திப்பு கிடைப்பதில்லை என்று இரண்டு மாணவர்கள் தனித்தனியே சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு மாணவர், "ஆனால் அவர் பரிந்துரைக் கடிதம் எழுதினால் எந்தக் கதவும் திறக்கும்" என்றார். அதுவும் உண்மை. பொருளியலில் வேலைச் சந்தை பரிந்துரைக் கடிதங்களை வைத்தே பெரிதும் இயங்குகிறது.

இரண்டாமவர் இளம் உதவிப் பேராசிரியர். அளவையியலில் கூர்மையானவர்; அனுப்பிய குறிப்புக்கு அன்றிரவே பதில் வரும். அவருடைய டென்யூர், அதாவது நிரந்தரப் பதவிக்கான பரிசீலனை இன்னும் முடியவில்லை. டென்யூர் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும்.

மூன்றாமவர் தொழிலாளர் பொருளியல் படிக்கும் இணைப் பேராசிரியர். கருத்தரங்கத்தில் பேசாமல் காத்திருந்தவர் இவர்தான். பணம் அனுப்புவதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை. ஆனால் அரசு அமைப்புகளின் நிர்வாகத் தரவுகளோடு வேலை செய்து பழகியவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாணவர்களைத் தவறாமல் சந்திப்பவர்.

வழக்கமாக மாணவர்கள் தலைப்புப் பொருத்தத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது மிகைப்படுத்தப்பட்ட விஷயம் என்பது என் உறுதியான கருத்து. தலைப்பைப் பற்றிய அறிவை மாணவர் ஓர் ஆண்டில் படித்தே சேர்த்துவிடலாம். தரவை எப்படி அணுகுவது, ஒரு மதிப்பீட்டை எங்கே சந்தேகிப்பது, எதைக் கைவிடுவது என்பவை பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் வரும். அதற்கு நேரம் கொடுக்கும் மனிதர் வேண்டும்.

கேள்வி மாறியது

மூன்றாமவரோடு நடந்த முதல் சந்திப்பில் மாணவி தன் திட்டத்தைச் சொன்னார்: தொழிலாளர்கள் அனுப்பும் பணம் குடும்பங்களின் வாழ்க்கையை உயர்த்துகிறதா என்று ஆராய்வது. பேராசிரியர் கேட்டது, "என்ன மாறியது? யாருக்கு மாறியது? எந்தத் தேதியில் மாறியது? அந்தத் தரவு யார் கையில் இருக்கிறது?"

அதிகம் அனுப்பும் குடும்பங்கள் ஏற்கெனவே வேறு வகையில் வித்தியாசமானவையாக இருக்கலாம். ஆகவே அனுப்பியதால்தான் உயர்ந்தார்கள் என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து வந்த ஒரு மாற்றம் தேவை.

அப்படி ஒன்று இருந்தது. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்புகள் இரண்டும் இணைக்கப்பட்டன. யுபிஐ அடையாளத்தையோ கைப்பேசி எண்ணையோ வைத்தே உடனுக்குடன் பணம் அனுப்பலாம். ஆனால் தொடக்கத்தில் சில வங்கிகள் மட்டுமே அதில் இருந்தன. சிங்கப்பூர் பக்கம் டிபிஎஸ் வங்கியும் லிக்விட் குழுமமும். இந்தியப் பக்கம் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் வங்கிகளில் ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவை இருந்தன. பின்னவை இரண்டும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. தமிழகக் கிராமங்களில் பலரிடம் அந்தக் கணக்கு இருக்கும். எந்த வங்கியில் கணக்கு வைப்பது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தபோது இப்படி ஓர் இணைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. இணைப்புக்கு முன்பும் பின்பும், உள்ளே இருந்த வங்கிக் குடும்பமும் வெளியே இருந்த வங்கிக் குடும்பமும் என்று இரண்டு வேறுபாடுகளையும் சேர்த்து ஒப்பிட்டால், இணைப்பின் விளைவைத் தனியே பார்க்க வாய்ப்பு உண்டு. துறையில் இதை டிஃப்-இன்-டிஃப் என்பார்கள்.

அன்று மாலை அவர் என்னை அழைத்து, "அக்கா, பத்து வருஷமா என் கண்ணு முன்னாடி இருந்தது. கேள்வியா மாத்தத் தெரியலை" என்றார். அவருடைய தேடல் உண்மையில் முடிந்தது அந்த மாலையில்தான் என்று நினைக்கிறேன்.

தேர்வு

2024 இறுதியில் மூன்றாமவர் முதன்மை நெறியாளர், இரண்டாமவர் இணை நெறியாளர் என்று முடிவானது. முதலாமவரிடம் நேரில் போய், ஆய்வுக் குழுவில் உறுப்பினராக இருக்க முடியுமா என்று கேட்டார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை படித்துக் கருத்துச் சொன்னால் போதும் என்பதால் அவர் சம்மதித்தார். சிங்கப்பூரிலேயே கொள்கை ஆய்வில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் மாணவியின் விருப்பம். வெளிநாட்டு வேலைச் சந்தைக்குப் போவதாக இருந்தால் முதலாமவரின் கடிதத்துக்கு இன்னும் அதிக எடை கொடுத்திருக்க வேண்டியிருக்கும்.

இரண்டாமவரின் டென்யூர் நிலை தெரிந்தும் அவரைச் சேர்த்ததற்குக் காரணம், அவர் அதை மறைக்காமல் பேசியது. "நான் இங்கே இல்லாமல் போகலாம். அதனால் முதன்மை நெறியாளராக என்னை வைக்காதீர்கள்" என்று அவரே சொன்னார்.

பிறகு நடந்தவை

முதல் தடை தரவு. அவருடைய பழைய வங்கி உதவும் என்று குடும்பத்தில் எல்லாரும் நம்பினார்கள். வங்கிச் சட்டத்தின் 47ஆவது பிரிவு வாடிக்கையாளர் தகவலை வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. முன்னாள் ஊழியர் கேட்டாலும் அதே பதில்தான். பெயர் நீக்கிய, தொகுக்கப்பட்ட தரவுக்கு முறையாக எழுதிக் கேட்கலாம் என்றார் நெறியாளர். எப்படிக் கேட்டால் ஓர் அமைப்பு பதில் சொல்லும் என்பதை அறிந்தவர் என்பதால், அந்தக் கடிதத்தை எழுத மட்டும் இருவரும் பல வாரங்கள் செலவிட்டார்கள். அதோடு தொழிலாளர்களிடம் நேரடிக் கணக்கெடுப்பும் நடத்துவது என்று தீர்மானித்தார்கள்.

கணக்கெடுப்புக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர்கள் முதலாளியைச் சார்ந்து வாழ்பவர்கள். பதில் சொன்னால் வேலைக்குப் பாதிப்பு வருமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். தொழிலாளர் விடுதிக்குள் போய்க் கேட்டால் விடுதி நிர்வாகத்துக்குத் தெரியாதா என்று குழு கேட்டது. அதனால் விடுதிகளைத் தவிர்த்து, ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவில், முதலாளியின் பெயரைக் கேட்காமல், தமிழிலேயே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது என்று திட்டம் மாறியது. அவர் தமிழ் பேசுபவர் என்பதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடவில்லை. ஒருவர், "மேடம், இது மனிதவள அமைச்சுக்குப் போகுமா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கான பதிலை ஒப்புதல் படிவத்தின் முதல் வரியாக மாற்றினார். மிகச் சரியான திருத்தம் அது.

இரண்டாவது தடை எதிர்பார்த்ததுதான். 2025இன் நடுவில் இரண்டாமவர் வேறு நாட்டில் பதவி ஏற்றுப் போனார். இணை நெறியாளர் இடம் காலியானதும் நிர்வாகம் புதிய படிவம் கேட்டது, மாற்று ஆளை முன்மொழியச் சொன்னது. ஆனால் ஆய்வு நிற்கவில்லை. முதன்மை நெறியாளர் இருந்தார், கேள்வி உறுதியாக இருந்தது, கணினிக் குறியீட்டுக் கோப்புகள் எல்லாம் பகிர்ந்த இடத்தில் இருந்தன. போனவர் முறைப்படி இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை காணொளியில் பேசி வந்தார். அதே சமயத்தில், அவரை மட்டுமே நெறியாளராக வைத்திருந்த இன்னொரு மாணவர் தலைப்பையே மாற்ற வேண்டி வந்தது.

முடிவு

2025 இறுதியில் அவர் ஆய்வு முன்மொழிவை முன்வைத்துத் தேர்ச்சி பெற்றார். முன்னோட்டக் கணக்கெடுப்பு முடிந்திருக்கிறது. தொகுக்கப்பட்ட தரவுக்கான கோரிக்கை இன்னும் பரிசீலனையில். அது கிடைக்காவிட்டால் கணக்கெடுப்பை மட்டும் வைத்து எழுதக்கூடிய மாற்றுத் திட்டமும் முன்மொழிவிலேயே இருக்கிறது.

எதை மாற்றலாம்

தொடக்கத்தில் கடிதங்களுக்குப் போன மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கலாம். துறை எந்த முறையில் இயங்குகிறது என்று அதன் முனைவர் பட்ட அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பேராசிரியருக்கு எழுதுவதென்றால் அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதிலுள்ள ஒரு மதிப்பீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். அவர் பதில் போட்டால், எப்படிச் சிந்திப்பவர் என்று அதிலேயே தெரியும்.

தரவைக் கோரும் வேலையை நெறியாளர் முடிவாவதற்கு முன்பே தொடங்க முடியாது. ஆனால் யார் கையில் என்ன தரவு இருக்கிறது, எந்தச் சட்டம் தடுக்கிறது என்பதை முதல் ஆண்டிலேயே விசாரித்திருக்கலாம். வங்கியில் வேலை பார்த்த அவருக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

நெறியாளர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேரும்போதே எழுத்தில் கேட்டு வைக்கலாம்: யார் பொறுப்பேற்பார், உதவித்தொகை தொடருமா, காலக்கெடு நீளுமா. இதைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை, அலுவலகத்தில் இதற்கு விதிகள் உண்டு.

துறை செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் ஆய்வு விடுப்பில் போகிறார்கள், யாரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலை முதல் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம். டென்யூர் விவரம் தனிப்பட்டது, அதை வெளியிட முடியாது. மற்ற இரண்டிலும் மறைக்க எதுவுமில்லை. தலைப்பை மாற்ற வேண்டி வந்த அந்த மாணவரும் இவரும் சேர்ந்து இந்தக் கோரிக்கையைத் துறையின் முனைவர் பட்டத் திட்ட இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆகஸ்டில் சேரும் மாணவர்களுக்கு அந்தப் பட்டியலைத் தருவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார்.